கரண்ட் போனாலும் நிற்காத பெட்டி

பெட்டியை மாட்டாமலே இன்வெர்ட்டரில் லோடு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொர்ணம்மாள் அதைக் காலையிலேயே பார்த்தாள். பார்த்துவிட்டு, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நாளாக எதைப் பார்த்தாலும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.

மும்பை தாராவியில், தோல் கிடங்குக்குப் பின்னால் போகும் சந்தில், இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு விடும் கடை அவளுடையது. அதை நடத்திவந்த அவள் புருஷன் கணேசபாண்டியன் ஜூன் மாதம் நெஞ்சுவலியில் போனார். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேரும்வரை அவரையும் அந்தப் பெட்டியில்தான் வைத்தார்கள். அன்றைக்குப் பெய்த மழையில் போன கரண்ட் மறுநாள் வரை வரவில்லை. கண்ணாடிக்குள் அவர் முகம் நிறம் மாறுவதையும், பிறகு உப்புவதையும் சொர்ணம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கூடியிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. அதற்குப் பிறகும் அழுகை வரவில்லை.

இனி எந்த வீட்டிலும் அப்படி ஆகக் கூடாது என்று மட்டும் தோன்றியது. வயரிங் வேலை பார்க்கும் கொழுந்தன் நாகராஜிடம் சொல்லி இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரிகளும் வாங்கினாள். பெட்டியோடு சேர்த்து அனுப்ப அவற்றுக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தான் அவன். கரண்ட் போனாலும் பெட்டி நிற்காது என்று போனில் கேட்பவர்களிடமெல்லாம் சொன்னாள்.

லோடு விளக்கு எரிவதைச் சொன்னதும் நாகராஜ் வந்து ஒயர்களைப் பிரித்துப் பார்த்தான். பெட்டியின் பிளக் ஆணியில் தொங்கியது. அப்படியும் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. மீட்டரைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தவன், புது மாடல், விளக்குதான் கோளாறாக இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் ஆண்டாப் ஹில்லிலிருந்து பேச்சிராஜா என்று ஒருவன் போனில் பேசினான். அப்பா தவறிவிட்டார். மழையில் அந்தப் பக்கம் கரண்ட் இல்லை. அக்கா ஊரிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள். பெட்டி வேண்டும்.

நாகராஜுக்குச் சொல்லிவிட்டு அவள் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. வாசலில் ஊறிய தோலின் வாடையும், உள்ளே பினாயிலும் பேட்டரி ஆசிடும் கலந்த வாடையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அப்போது தாராவியிலும் கரண்ட் போனது. பக்கத்துத் தையல் மெஷின்கள், எதிர்வீட்டு டி.வி., தலைக்கு மேல் சுற்றிய ஃபேன், எல்லாம் ஒரே மூச்சில் நின்றன.

ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிளக் ஆணியிலேயே தொங்கியது.

அவள் கண்ணாடி மூடியில் படிந்திருந்த பனியைத் துணியால் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். பனி உள்பக்கம் இருந்தது.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் எங்கோ பக்கத்து வீட்டில் நடப்பதுபோல் இருந்தது.

நாகராஜும் டெம்போ ஓட்டும் அஸாருதீனும் வந்து தூக்கினார்கள். எப்போதும் அவர்கள் இரண்டு பேரே போதும். அன்றைக்குப் பெட்டி தரையை விட்டு எழவில்லை. சந்தில் நின்றவர்களையும் கூப்பிட வேண்டியிருந்தது.

“காலி ஹை னா, மௌசி?” என்று கேட்டான் அஸாருதீன்.

காலிதான் என்றாள் சொர்ணம்மாள். அவளும் டெம்போவில் ஏறிக்கொண்டாள்.

ஆண்டாப் ஹில் வீட்டில் மெழுகுவர்த்தியும் போன் வெளிச்சமும்தான் இருந்தன. ஊதுபத்திப் புகை. நனைந்த சேலைகளின் ஈர வாடை. பேச்சிராஜாவின் அப்பா நோயில் இளைத்து எலும்பாகப் போன மனிதர். அவரைத் தூக்கிப் பெட்டிக்குள் கிடத்தினார்கள்.

அவர் மல்லாந்து கிடக்கவில்லை. ஒரு தோள் மேலே எழுந்தது. உடம்பு மெல்லத் திரும்பி ஒரு ஓரத்துக்குப் போனது.

“மல்லாக்கத்தான கெடத்துனோம்? அப்பா ஏன் திரும்புதாவ?” என்றான் பேச்சிராஜா.

நாகராஜ் குனிந்து நடுவில் தள்ளிப் பார்த்தான். மறுபடி தள்ளினான். பிறகு கையை வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டான்.

“மைனி,” என்றான். குரல் இறங்கியிருந்தது. “எடம் கெடக்கு. ஆனா எதுவோ இடிக்கி.”

சொர்ணம்மாள் பார்த்தாள். தாராவியில் அந்த ஒற்றைக் கட்டிலில் கணேசபாண்டியனுக்கு இடம் விட்டு அவள் இத்தனை வருஷமும் அப்படித்தான் படுத்தாள். ஒருக்களித்து. ஓரமாக. மூச்சை அடக்கி.

“மூடுங்க,” என்றாள்.

மூடினார்கள்.

வெளியே சந்தில் யாரோ சந்தோஷமாகக் கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது. டியூப்லைட் விட்டுவிட்டு மினுக்கி, முழுசாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

கிழவர் பெட்டியின் ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தார். முகம் பக்கக் கண்ணாடியில் நசுங்கியிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் வெறும் இடம். அதற்கு நேர்மேலே, மூடியின் உள்பக்கத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் படலம்.

அது படர்ந்தது.

சுருங்கியது.

மறுபடி படர்ந்தது.