ஏழாம் கட்டில்காரரின் ரத்தம்

படுத்திருந்தவரைக் காலையிலேயே பிணவறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனாலும் பிற்பகலில் நர்ஸ் உருவிய ஏழாம் கட்டில் விரிப்பு, ஆள் இப்போதுதான் எழுந்துபோன மாதிரி கதகதப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தபடியே சுருட்டினாள். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. சுருட்டலுக்குள் யாரோ விட்டுப்போயிருந்த ஊசி, கையுறையைத் துளைத்துக் கட்டைவிரலில் சுருக்கென்று இறங்கியது.

குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ரத்தம் நின்றது. பிரசவ விடுப்பு முடிந்து இந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வீட்டில் குழந்தை பாலுக்கு அழும் நேரம். மார்பு கனத்துச் சீருடை நனைந்திருந்தது.

"கண்ணைப் பிடரியிலயா வெச்சிருக்க?" என்றாள் தலைமை நர்ஸ்.

"ஊசியை அங்க போட்டது நான் இல்லைக்கா."

"யாருக்கு யாரு அக்கா? நோய் தொத்தாம இருக்க மாத்திரையைப் போட்டுக்கோ. அந்த ஆளுக்கு என்ன நோய்னு தெரியணும்னா கீழ போய் நீயே ரத்தம் எடுத்துட்டு வா. நான் யாரையும் அனுப்ப மாட்டேன்."

"குழந்தைக்குப் பால்..."

"ரிசல்ட் வர்ற வரைக்கும் பால் கொடுக்கறதப் பத்தி மூச்சு விடாதே."

மாத்திரை தொண்டையில் கசக்க, அவள் படியிறங்கினாள். இறங்க இறங்க வார்டின் பினாயில் வாடை விலகி, மூக்கை அரிக்கும் மருந்து நெடியும், அதற்கடியில் அழுகிய பூத்தண்ணீர் போன்ற இன்னொன்றும் ஏறிவந்தன. குளிரூட்டும் இயந்திரம் எங்கோ சுவருக்குள் முனகிக்கொண்டிருந்தது.

"சட்டுபுட்டுனு முடிம்மா. குளிர் போயிடும்," என்று பிணவறைக் காவலாளி அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

இரு பக்கமும் வரிசையாக மேசைகள்; ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி போர்த்திய உடல். கால் விரலில் கட்டிய சீட்டைப் பார்த்து அவரைக் கண்டுபிடித்துத் துணியை விலக்கினாள். நேற்று அவர் வாயில் தண்ணீர் ஊற்றியவள் அவள்தான். இன்று அந்த முகம் அவளை விரோதி மாதிரி முறைத்தது.

செத்தவர் கையில் ரத்தம் வராது, தொடை இடுக்கில்தான் எடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பழக்கதோஷம். புத்தி சொல்வதற்குள் கை முந்திக்கொண்டு, அவர் புஜத்தில் ரப்பர் பட்டையை இறுக்கிவிட்டது.

நரம்பு புடைத்தது.

மெதுவாக. தடித்து. பச்சையாக.

விரல் வைத்துப் பார்த்தாள். சுட்டது.

கையிலிருந்த சிரிஞ்ச் தரையில் விழுந்து உருண்டது. பின்னோக்கியே போய்க் கதவைத் தட்டினாள்.

"அண்ணே! கதவைத் திறங்கண்ணே!"

கதவு அசையவில்லை. இயந்திரத்தின் முனகல் நின்றிருந்தது.

அவருடைய விரல்கள் மடங்கின. விரிந்தன. ரத்தம் கொடுக்க உட்கார்ந்தவர் செய்வதுபோல, நிதானமாக, மறுபடியும்.

அப்புறம் துணி சரசரத்தது. பக்கத்து மேசையில். அதற்கடுத்ததில். எதிர் வரிசையில்.

துணிகளுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கைகள் வெளியே நீண்டன. முழங்கை மடிப்பை அவள் பக்கம் திருப்பின. நரம்புகள் புடைத்து நின்றன.

யாரும் சொல்லாமலே, எல்லா விரல்களும் ஒரே நேரத்தில் மூடின. திறந்தன. மூடின.