உறையூர் எரிந்த மாலை

அந்தச் சனிக்கிழமை மாலை அறையில் இருந்தவர்கள்:

சித்தார்த், ஆறாம் வகுப்பு. கணினி அவன் அப்பாவுடையது. அதன் முன்னால் இருந்த நாற்காலி மட்டும் எப்போதும் அவனுடையது.

ஜோதி, அவன் தங்கை, இரண்டாம் வகுப்பு. கத்தக் கூடாது என்று சொல்லி உள்ளே விடப்பட்டவள்.

ஜெஸ்லின், பக்கத்து வீடு. சித்தார்த்தின் வகுப்புதான். முறுக்கு மடித்து வரும் காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கசக்குவாள்.

பிரஹலாத், ஸ்ரீரங்கத்துப் பையன், அவனும் அதே வகுப்பு. அவன் அம்மா உறையூர் நாச்சியார் கோயிலுக்கு வந்தவர், போகிற வழியில் அவனை இங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

பாண்டியப் படை, ஐயாயிரம் பேர். இவர்கள் திரைக்குள் இருந்தார்கள்.

விளையாட்டின் பெயர் 'மீன்கொடி'. ஒரு பழைய காலத்து அரசனைத் தேர்ந்தெடுத்துப் படை நடத்த வேண்டும். மறுநாள் பக்கத்துத் தில்லை நகரில் போட்டி. இன்று மாலை ஆறு மணிக்குள் கடைசிக் கட்டத்தை முடித்து, போதுமான புள்ளிகள் எடுத்தவர்களுக்கு மட்டும் அதில் இடம் உண்டு. சித்தார்த் பள்ளி விடுமுறை முழுக்க இதற்காகத்தான் விளையாடினான். இன்னும் ஒரே ஓர் ஊர் பாக்கி.

அரசனைத் தேர்ந்தெடுத்தது பிரஹலாத்.

"சுந்தர பாண்டியனையே எடுடா. எங்க பெருமாள் கோயில் விமானத்துக்குப் பொன் வேய்ஞ்சவர். ஸ்ரீரங்கத்துல யாரை வேணா கேளு" என்று விளையாட்டைத் தொடங்கிய அன்றைக்கே அடித்துச் சொல்லியிருந்தான்.

திரையில் ஓர் ஆறு. இக்கரையில் மதில் சூழ்ந்த ஊர். அதற்குக் கொஞ்சம் கிழக்கே மொட்டைப் பாறை ஒன்று. ஊருக்குத் தெற்கே படை நின்றது. கீழே கட்டளை மின்னியது: நகரைக் கொளுத்து.

"போன வாரம் இந்த ஊர்ல பாதியைக் கொளுத்துறதுக்குள்ள டைம் முடிஞ்சிடுச்சு. ஆளுங்க எறும்பு மாதிரி ஓடுவாங்க பாரு, செம காமெடி" என்றான் சித்தார்த்.

"கொஞ்சம் இரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு? தள்ளிக் காட்டு" என்றாள் ஜெஸ்லின்.

"டைம் போகுது ஜெஸ்லின்."

"காட்டேன்!"

அவன் படத்தை நகர்த்தினான். ஆறு மேற்கே இரண்டாகப் பிரிந்திருந்தது. நடுவில் ஒரு தீவு. தீவில் கோயில், அதைச் சுற்றி மதில்.

"டேய்," என்றான் பிரஹலாத், "இது எங்க ஊரு."

"அப்ப இந்தப் பாறை?" என்றான் சித்தார்த்.

எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். மலைக்கோட்டையை அவர்கள் தினமும் பார்க்கிறவர்கள்தான். உச்சியில் பிள்ளையார் கோயிலும் சுற்றிலும் கடைகளும் இல்லாமல் பார்த்ததே இல்லை.

"மலைக்கோட்டைக்கு மேற்கே இருக்கிற ஊரு எது?" என்று ஜெஸ்லின் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் காலடித் தரையைப் பார்த்தாள்.

அவர்கள் அந்த ஊரில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணா, நீ நம்ம உறையூரையா கொளுத்துற?" என்றாள் ஜோதி.

"சும்மா கேம்டி. யாரோ கதை கட்டியிருக்காங்க."

திரையின் மூலையில் 'உண்மையில் நடந்தது' என்று ஒரு பொத்தான் இருந்தது. சித்தார்த் அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. ஜெஸ்லின் எட்டி அழுத்தினாள். சத்தமாகப் படித்தாள்.

ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டின் மேல் படையெடுத்தான். தஞ்சாவூரையும் உறையூரையும் தீ வைத்து எரித்தான். மாடங்களையும் மதில்களையும் மண்டபங்களையும் இடித்தான். இடித்த இடத்தைக் கழுதை பூட்டி உழுது, சோழியை விதைத்தான். இதையெல்லாம் பெருமையாகக் கல்லில் வெட்டி வைத்தான்.

"பெருமையாவா?" என்றான் சித்தார்த்.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"தப்பு பண்ணா மறைப்பாங்கதானே?"

"இவரு மறைக்கலையே. வெட்டி வச்சிருக்காரு."

"சோழியை விதைச்சா என்ன முளைக்கும்?" என்று ஜோதி கேட்டாள்.

"ஒண்ணும் முளைக்காது" என்றாள் ஜெஸ்லின். "அதுக்குத்தான் விதைச்சிருக்காங்க."

பிரஹலாத்தின் முகம் வெளுத்திருந்தது. "பொன் வேய்ஞ்சவர் இப்படிப் பண்ணியிருக்க மாட்டார்டா. எங்காத்துல அம்மா, பாட்டி எல்லாரும் அவரை..."

"அவரு வேற" என்றாள் ஜெஸ்லின். "இங்கேயே போட்டிருக்கு. பொன் வேய்ஞ்சது ஜடாவர்மன் சுந்தர பாண்டியன். முப்பது நாப்பது வருஷம் கழிச்சு வந்தவரு. நீ ஆளை மாத்திப் புடிச்சுட்ட."

"நல்லா புடிச்சடா ராஜாவை!" என்று சித்தார்த் கத்தினான். "ஆளு யாருன்னு தெரியாமலா இவ்வளவு நாளா ஆட வச்ச?"

"நீயுந்தானே படிக்கலை!"

சித்தார்த் நாற்காலியைத் திரையை நோக்கித் திருப்பிக்கொண்டான்.

ஜெஸ்லின் மீதியையும் படித்தாள். "அப்புறம் சோழ ராஜாவைக் கூப்பிட்டு நாட்டைத் திருப்பிக் கொடுத்துட்டாராம்."

"கொளுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தாரா?"

"ஆமா."

"ஊருல இருந்தவங்க எங்க போனாங்க?" என்று கேட்டான் சித்தார்த்.

அவள் கடைசி வரிவரை போய்த் திரும்பினாள். "அது போடலை."

மணி ஐந்தரையைத் தாண்டியிருந்தது. சித்தார்த் திரையைப் பார்த்தான். ஊருக்குள் சின்னச் சின்ன உருவங்கள் நடமாடின. ஒருத்தி குடத்தோடு போனாள். ஒருவன் தறியில் பாவு கட்டிக்கொண்டிருந்தான். போன வாரம் எறும்பு என்று சிரித்தது இவர்களைப் பார்த்துத்தான்.

"ஆஃப் பண்ணிடு அண்ணா" என்றாள் ஜோதி.

"ஆஃப் பண்ணினாலும் கேமே படையை நடத்தும். ஊரு எப்படியும் எரியும்."

"அப்ப அவங்க?"

சித்தார்த் நகத்தைக் கடித்தான். கொளுத்தினால் நாளைக்குத் தில்லை நகர். இல்லையென்றால் விடுமுறை முழுவதும் விளையாடியது வீண்.

"முரசு இருக்கு" என்றான் மெதுவாக.

"என்ன முரசு?"

"ஒருதடவை தெரியாம அழுத்திட்டேன். முரசு அடிச்சா படை வருதுன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும். எல்லாரும் எதிர்ப்பக்கமா ஓடிப் போயிடுவாங்க. பாயிண்ட் மொத்தமும் ஜீரோ ஆயிடும்."

"மொத்தமுமா?" என்றான் பிரஹலாத். "விடுமுறை பூரா ஆடினதுடா!"

"தெரியும்டா. சும்மா சொல்லாத."

அவன் முரசை அழுத்தினான்.

தொம், தொம் என்று ஒலிபெருக்கி அதிர்ந்தது. புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரு சைபர் நின்றது. ஊரின் வடக்கு வாசல் திறந்தது. மூட்டை, ஆடு, குழந்தை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கொட்டினார்கள். ஓடியவர்கள் ஆற்றங்கரையில் போய் நின்றுவிட்டார்கள்.

"ஏன் நிக்கிறாங்க? பாலத்துல போகச் சொல்லு!" என்றான் பிரஹலாத்.

"எண்ணூறு வருஷம் முன்னாடி பாலம் ஏதுடா? ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் வருமான்னும் கேளு" என்றாள் ஜெஸ்லின்.

பிரஹலாத் உதட்டைக் கடித்தான். பிறகு திரைக்கு மிக அருகில் வந்து பார்த்தான். "படைக்குப் படகு இருக்கே. மேற்கால கட்டி வச்சிருக்கு. அதை அவுத்து விடுடா. தண்ணி கிழக்கால இழுக்கும். தானா அவங்ககிட்ட வந்துடும்."

சித்தார்த் படகுகளை அவிழ்த்துவிட்டான். அவை ஆடி ஆடி மிதந்து வந்தன. கரையில் நின்றவர்கள் பிடித்து ஏறினார்கள். அதற்குள் படை அவன் கட்டளைக்குக் காத்திருக்காமல் தெற்கு வாசலை உடைத்து உள்ளே போய்விட்டது. முதல் கூரை பற்றிக்கொண்டது. அடுத்தது. அதற்கடுத்தது.

ஜோதி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

சித்தார்த் தெருத் தெருவாகப் படத்தை நகர்த்திப் பார்த்தான். நெருப்பு இருந்தது. தறிகள் எரிந்தன. ஆள் இல்லை.

"இல்லை" என்றான்.

சுவர்க்கடிகாரம் ஆறு அடித்தது. 'தகுதி பெறவில்லை' என்று திரையின் மேல் சிவப்பில் எழுத்து ஓடியது. அதைப் பிரஹலாத் மட்டும்தான் படித்தான். படித்துவிட்டுத் தன் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டான்.

"கையை எடுடா, தெரியலை" என்றான் சித்தார்த். அவன் பார்த்துக்கொண்டிருந்தது அக்கரையை.

கடைசிப் படகு ஸ்ரீரங்கத்தில் கரை தட்டியது. எல்லோரும் மதில் வாசலை நோக்கி ஓடினார்கள். ஒரு கிழவர் மட்டும் தடி ஊன்றிப் பின்தங்கினார். நடுவில் நின்று ஒருமுறை ஆற்றைத் திரும்பிப் பார்த்தார்.

"பார்க்காதீங்க தாத்தா, போங்க!" என்று ஜோதி கத்தினாள். கத்தக் கூடாது என்று யாரும் அவளுக்கு நினைவூட்டவில்லை.

கிழவர் நடந்தார். வாசற்படியைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் பெரிய கதவு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தது. உள்ளே தாழ் விழுந்து, பூட்டும் சத்தம் கேட்டது.