இருபத்தொன்றாம் அறையின் அனுமதி

ஓர் அநீதிக்குச் சாட்சி சொல்ல வாருங்கள், வாசகர்களே. ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில், சன்னலற்ற அறையில், நானூறு கட்டில்களின் கணினிப் பொறுப்பை ஒருத்தியின் தலையில் கட்டிவிட்டுக் கைகழுவிய நிருவாகத்தைப் பாருங்கள். அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு வரிக் குறிப்பும் எழுதி வைக்காமல் போய்விட்டார். துணைக்கு ஆள் கேட்டபோது, "படிச்ச பொண்ணுதானம்மா, பாத்துக்கோ" என்றார் மேலாளர். பார்த்துக்கொண்டாள். அன்று பிற்பகல் மூன்று மணி வரை.

மூன்று மணிக்குத் திரையில் ஒரு சிறு பிசகு. நான்காம் மாடிப் பட்டியலில் அறை எண்கள் இருந்தன; ஆனால் ஒவ்வோர் அறையின் கோப்புறைக்கும் உரிய நாளும் அளவும் உரிமையாளர் பெயரும் இருக்கவேண்டிய இடங்களில், சூடேறிய தூசியின் வாடையும் குளிர்சாதனத்தின் ஓயாத முனகலும் நிறைந்த அந்த அறையில் அவளை நோக்கித் தலை கவிழ்ந்தவை போல, கேள்விக்குறிகள் வரிவரியாக நின்றன.

என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உடனே விளங்கியது. அந்த லினக்ஸ் கணினியில் அறைக்கு ஒரு கோப்புறை. உள்ளே மருந்துச் சீட்டும், அறைக் கதவைத் திறக்கும் அட்டைகளின் பட்டியலும். கோப்புகளுக்கு மட்டும் இடவேண்டிய 644 என்ற அனுமதியைக் கோப்புறைகளுக்கும் சேர்த்து இட்டுவிட்டாள். கோப்புக்குப் படிக்கும் உரிமை போதும். கோப்புறைக்கோ நுழையும் உரிமையும் வேண்டும். அது பறிபோனால் வாசலில் நின்று பெயர்களைப் படிக்கலாமே தவிர, உள்ளே கால் வைக்க முடியாது. கதவுகளை ஆளும் மென்பொருள் இப்போது அப்படித்தான் வெளியே நின்றது.

கைப்பேசி அதிர்ந்தது. நான்காம் மாடியில் செவிலியாக இருக்கும் அவள் அக்கா.

"குட்டி, ஒன்பதாம் ரூம் கதவு என் அட்டைய ஏத்துக்கவே மாட்டேங்குது. உள்ள பெரியவரோட மூச்சு மெஷின் கத்துது. என்னடி பண்ணித் தொலைச்ச?"

"ரெண்டே நிமிஷம்க்கா."

"அவருக்கு ரெண்டு நிமிஷம் இருக்கான்னு நீயே வந்து கேளு."

பழைய அனுமதிகளுக்கு நகல் இல்லை. ஒவ்வொரு கோப்புறையாகப் பார்த்துச் சரிசெய்ய அவகாசமும் இல்லை. காலையில் எடுத்த பட்டியல் திரையின் மேற்பக்கம் சுருண்டு கிடந்தது. விரலை அசைத்தால் பழைய அனுமதிகள் தெரிந்திருக்கும். அவள் அசைக்கவில்லை. எல்லாக் கோப்புறைகளுக்கும் ஒரே கட்டளையில் 755 இட்டாள். எல்லோரும் நுழையலாம். கேள்விக்குறிகள் மறைந்தன.

"திறந்துடுச்சு," என்றாள் அக்கா, மூச்சிரைக்க. "பெரியவர் கண்ணு முழிச்சுப் பாக்கறார். பொழச்சடி நீ." அவள் காலடி ஓசை நகர்ந்தது. "ஆமா, இருபத்தொண்ணுன்னு ஒரு ரூம் எப்ப வந்துச்சு?"

"உங்க வார்டுல இருபதுதானேக்கா."

"நானும் பதினோரு வருஷமா அப்படித்தான் எண்ணிட்டிருக்கேன். கோடியில சுவர் இருந்த இடத்துல கதவு இருக்குடி. திறந்தும் இருக்கு."

அவள் திரையை மேலே உருட்டினாள். காலைப் பட்டியலில் இருபது அறைகளுக்கும் அனுமதியைக் காட்டும் முறையான எழுத்துகள். இருபத்தொன்றுக்கு மட்டும் ஒன்பது சிறு கோடுகள். படிக்க, எழுத, நுழைய, எவருக்கும் உரிமையில்லை. அதில் பதிந்திருந்த நாள் அந்தக் கட்டடத்தைவிடப் பழையது. யாரோ தெரிந்தே அடைத்திருக்கிறார்கள். அவள்தான் திறந்தாள்.

"அக்கா, அங்க போகாத. கதவ இப்பவே மூடறேன்."

"நான் எங்க போறது? உள்ளேயிருந்து கட்டில் உருள்ற சத்தம் வருது. தள்ற ஆள்தான் தெரியல."

அவள் இருபத்தொன்றுக்கு, எவருக்கும் உரிமையில்லை என்னும் 000 இட்டாள். மறுப்பு. தலைமைப் பயனராக மீண்டும் இட்டாள். அந்தக் கணினியில் தலைமைப் பயனருக்கு மறுப்பே கிடையாது. மறுப்பு.

முதல் அறையின் எழுத்துகள் கோடுகளாயின. அவள் தொடவில்லை. இரண்டாம் அறை. மூன்றாம் அறை. கைப்பேசியில் ஒவ்வொரு பூட்டும் விழும் ஓசை. ஒன்பதாம் அறை. மூச்சு எந்திரம் மறுபடி அலறியது. கதவுக்குப் பின்னால். அடங்கியது. இருபதாம் அறை வரை.

"குட்டி," என்றாள் அக்கா, மிக மெதுவாக. "எல்லாம் பூட்டிடுச்சு. இது ஒண்ணுதான்..."

பிறகு சக்கரங்கள் மட்டும்.

மின்தூக்கி இறங்கும் இரைச்சல். நான்கு. மூன்று. இரண்டு. ஒன்று. தரைத்தளம். அடித்தளம். இடைவழியில் சக்கரங்கள். அவளது அறைக்கு வெளியே நின்றன. கதவின் பூட்டு விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. கதவுக்கடியில், ஒரு விரற்கடை வெளிச்சத்தில், நான்கு சக்கரங்கள். அவற்றின் நடுவே அக்காளின் வெள்ளைக் காலணிகள். தரையைத் தொடாமல்.

வாசகர்களே, நீங்கள் அவளைக் காப்பாற்ற முடியாது. அதற்கான நேரம் கடந்துவிட்டது. ஆனால் உங்கள் தாய் படுத்திருக்கும் மருத்துவமனையிலும் ஓர் அடித்தளம் உண்டு. அங்கும் ஒருத்தி தனியே அமர்ந்திருக்கிறாள். நாளையே படியேறுங்கள். நிருவாகியை எழுப்பிக் கேளுங்கள்: எவற்றை அடைத்தீர்கள், ஏன் அடைத்தீர்கள், அதை எங்கே எழுதி வைத்தீர்கள்? எழுத்தில் பதில் வாங்காமல் கீழே இறங்காதீர்கள்.