வீடு தேடி வந்த ட்ரிப்ஸ்

தொற்று பரவியதும் புற்றுநோய்ப் பிரிவை மூடிவிட்டு, கீமோ மருந்தை வீட்டுக்கே வந்து ஏற்றுவதாக மருத்துவமனை சொல்லியிருந்தது. சலூன்காரருக்கு ரத்த அணு குறைந்து ஏற்கெனவே இரண்டு முறை மருந்து தள்ளிப்போயிருந்தது. இம்முறையும் தவறினால் கட்டி காத்திருக்காது என்று டாக்டர் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஊரே முடி வெட்ட ஆளில்லாம காடா வளர்த்து வெச்சிருக்கு. முடி வெட்டுறவன் மட்டும் மொட்டை," என்றார் மனைவியிடம்.

"உடம்பு இளைச்சாலும் வாய் இளைக்கல," என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

மதியம், சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளைக் கவச உடை. முகம் தெரியாததால் நெஞ்சில் பேனாவால் பெயர் எழுதிக்கொள்வது அவர்கள் வழக்கம். இவள் நெஞ்சு வெறுமையாக இருந்தது. அவசரத்தில் மறந்திருப்பாள் என்று கையை நீட்டினார்.

கையுறையைத் தாண்டியும் ஜில்லிட்டது. ஈரமண் வாடை.

முதல் குத்திலேயே நரம்பு சிக்கியது.

"என் நரம்பு நல்லவங்க கண்ணுக்குத்தான் தெரியும்மா."

அவள் ட்ரிப்ஸ் பையை மாட்டிவிட்டுக் குளியலறைக்குள் போனாள். குழாயில் தண்ணீர் கொட்டியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னங்க, நர்ஸம்மா வந்துட்டாங்க!" வாசலிலிருந்து மனைவியின் குரல்.

"அவங்கதான் உள்ளே கை கழுவுறாங்களே?"

வாசலில் இன்னொரு வெள்ளை உடை. நெஞ்சில் பெயர். கையில் குளிர்பெட்டி.

"ரோட்டை அடைச்சிட்டாங்க சார், சுத்தி வரவேண்டியதாப் போச்சு. நான் ஒருத்திதான் வந்தேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

மனைவி குளியலறைக் கதவைத் தள்ளினாள். ஆளில்லை. தரை காய்ந்து கிடந்தது.

"மருந்து என் பெட்டியில இருக்கு," நர்ஸ் குளிர்பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். "அப்போ உங்களுக்கு என்ன ஏறுது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஏறவில்லை.

ட்ரிப்ஸ் குழாயில் சிவப்பு மேல்நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. பை பாதி நிரம்பியிருந்தது.

நர்ஸ் பாய்ந்து ஊசியைப் பிடுங்கிப் பஞ்சை அழுத்தினாள். "பயப்படாதீங்க சார், எடுத்தாச்சு."

"எனக்கென்னம்மா பயம்," என்று சிரிக்கப் பார்த்தார். பல் கிட்டிக்கொண்டது.

மனைவி மட்டும் பையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

ஊசி தரையில் கிடந்தது.

பை இன்னும் நிரம்பிக்கொண்டிருந்தது. அவர் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது.