பன்னிரண்டு கிலோ

காலை ஐந்தரை மணிக்கு வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பெண் ஷூவுக்கு நாடா கட்டினால் அது குற்றமா, நீங்களே சொல்லுங்கள். அந்த வீட்டில் அது குற்றம்தான்.

"கெளம்பியாச்சா?" என்று மாமியார் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "கூடத்துல ஒரு உசுரு ஊசலாடிக்கிட்டுக் கெடக்கு... மகாராணிக்கு இப்பத்தான் உடம்பு இளைக்கணுமாம். கூட்டம் சேத்துக்கிட்டு ஊர்வலம் போகணுமாம்."

"பாப்பாவுக்குத் தண்ணி அளந்து வச்சுட்டேன் அத்தை. காயை வேகவச்சு வடிச்சு மூடி வச்சிருக்கேன். ஏழு மணிக்கெல்லாம் வந்துடுவேன்."

"வாயேன், வராம போயேன். இங்க யாரு உன்னைத் தேடுறா?"

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது ஷூவை மாட்டினாள். கூடத்தில் கட்டிலின் மேல் போர்வை அசைந்தது. பாப்பா விழித்துத்தான் இருந்தாள்.

பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். கணவனின் தங்கை. நாற்பத்தொரு வயது. அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தவள், ஒரு எழுத்து புரண்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய இரண்டு சிறுநீரகமும் ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டன. அன்றிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ஆஸ்பத்திரியில் மெஷினோடு நாலு மணி நேரம். ஒரு நாளைக்கு எண்ணூறு மில்லி தண்ணீர், அதற்கு மேல் ஒரு வாய் கூடாது. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, காலைக்கு இவ்வளவு, மாத்திரைக்கு இவ்வளவு என்று கண்ணும் கருத்துமாக அளந்து வைப்பது அண்ணிதான்.

"அண்ணி," என்றாள் பாப்பா, முகத்தைத் திருப்பாமலே. "உங்களைப் போகாதீங்கன்னு நான் சொல்லல. ஆனா வேர்வையோட வந்து என் முன்னாடி நின்னு தொடைக்காதீங்க. தெருமுனை வரைக்கும் போக முடியாதவளுக்கு அது குத்திக் காட்டுறாப்புல இருக்கு."

அண்ணி எழுந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லார் வாயும் அடைபட்டிருக்கும். சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள்.

அந்த ஒரு வார்த்தை என்னவென்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்காகத்தான் அவள் நடந்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. பாப்பா மெஷினில் படுத்திருந்த நேரத்தில் அண்ணி சத்தம் காட்டாமல் இரண்டாவது மாடிக்கு ஏறிப்போய், "என்னோட கிட்னியைக் குடுத்தா ஆகுமா, பாருங்கம்மா" என்று டாக்டரம்மாவிடம் கையை நீட்டினாள். ரத்தம் எடுத்தார்கள். பொருந்தியது. அவள் கும்பிடப் போனபோது டாக்டரம்மா தடுத்தார். "அவசரப்படாதீங்க. பன்னண்டு கிலோ கூடுதலா இருக்கீங்க. பிரஷர் வேற எல்லைக்கோட்டுல நிக்குது. இப்படி வந்தா உங்களை டேபிள்ல ஏத்த மாட்டோம். தெனமும் நடங்க, தனியா நடந்தா பத்து நாள்ல விட்டுடுவீங்க, ஒரு குழுவுல சேருங்க. எறக்கிட்டு வாங்க, மத்த ஸ்கேன் எல்லாம் அப்புறம்."

வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பாப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு பேர் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். முதலில் கூடப்பிறந்த அண்ணன், ரத்தம் சேரவில்லை. அடுத்து மாமா மகன். பாப்பா துணிமணி எல்லாம் பையில் எடுத்து வைத்துக் காத்திருந்தாள், அவன் போன் நம்பரையே மாற்றிக்கொண்டான். எடுத்து வைத்த துணியைத் திரும்ப மடித்து அலமாரியில் வைக்கும்போது பாப்பா சொன்னாள்: "இனிமே யாரும் தர்றேன்னு எங்கிட்ட வந்து சொல்லாதீங்க. சொல்லி இல்லைன்னு ஆறது, ஒவ்வொரு தடவையும் செத்துப் பொழைக்கிற மாதிரி இருக்கு. இன்னொண்ணை என்னால தாங்க முடியாது."

அதனால்தான் அண்ணி வாயைத் திறக்கவில்லை. எல்லாம் உறுதியான பிறகு, ஆப்பரேஷன் கையெழுத்துக்கு முந்தின நாள் சொன்னால் போதும் என்று வைத்துவிட்டாள்.

பூங்கா வாசலில் கூடுகிற அந்தக் குழுவில் பதினைந்து பேர். நடத்துகிறவர் ஓய்வு பெற்ற தபால்காரர். முப்பது வருஷம் தெருத்தெருவாக நடந்த கால், வேலை முடிந்தும் அடங்கவில்லை. வேகமாகப் போகிறவர்கள் முன்னால், முடியாதவர்கள் பின்னால், கடைசி ஆளுக்கும் பின்னால் அவர். சேரும்போதே ஒரு நோட்டில் பக்கம் போட்டுக் கேட்பார்: என்ன வியாதி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்? சொல்லாமல் யாராவது வராவிட்டால் ஏழு மணிக்கு அந்த நம்பருக்குப் போன் போய்விடும். முன்பு ஒருத்தர் குளியலறையில் விழுந்து மத்தியானம் வரை யாருக்கும் தெரியாமல் கிடந்ததிலிருந்து வந்த வழக்கம் அது.

அண்ணி யோசிக்காமல் பாப்பாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற கணவன் ஓட்டும்போது போனைத் தொடமாட்டான். மாமியாருக்குப் போனை எடுக்கவே தெரியாது. தலைமாட்டில் போனோடு இருப்பவள் பாப்பா ஒருத்திதானே.

முதல் வாரம் முழுக்க அவள்தான் கடைசி. மூச்சு வாங்கி, கம்பியைப் பிடித்து நிற்பாள். பக்கத்தில் பேக்கரிக்காரம்மா, "நான் விக்கிறதை நானே தின்னு ஏத்துனேன், நானே நடந்து எறக்குறேன். நீ எதுக்கும்மா இந்தப் பாடு படுறே?" என்று சிரிப்பாள். இவளும் சிரித்து மழுப்பிவிடுவாள். தபால்காரரிடம் மட்டும் ஒருநாள் உண்மையைச் சொன்னாள். அவர் அதை நோட்டில் எழுதவில்லை. மறுநாளிலிருந்து அவளோடு ஒரு சுற்று கூடுதலாக நடந்தார், அவ்வளவுதான்.

ஐந்து மாதம். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, திட்டு வாங்கி, பன்னிரண்டு கிலோ இறங்கியது. மருந்துக்கடை எடை மெஷினில் அவள் ஏறி நின்றபோது குழுவே கை தட்டியது. ஒரு எடைக்கு இத்தனை அழுகையா என்று பேக்கரிக்காரம்மா அதிசயப்பட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமைதான் ஸ்கேன். வழக்கம்போல ஐந்தரைக்கு ஷூ போட்டுக்கொண்டு கிளம்பியவள் பூங்காவுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். தபால்காரரிடம் வரமாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்பது பதற்றத்தில் அடியோடு மறந்துபோனது.

ஸ்கேன் எடுத்த பெண் வயிற்றின் மேல் கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். அவரும் பார்த்தார். குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். வேறு அறையில் இன்னொரு மெஷினில் பார்த்தார்கள். மணி ஒன்பதரை ஆகிவிட்டது.

"உங்களுக்கு இடது பக்கம் மட்டும்தாம்மா இருக்கு," என்றார் டாக்டரம்மா மெதுவாக. "வலது பக்கம் பொறக்கும்போதே இல்ல. நெறைய பேருக்கு இது தெரியாமலே காலம் போயிடும்."

"இன்னொரு தடவை பாருங்கம்மா... எங்கயாவது ஓரமா ஒதுங்கியிருக்கும்."

"ஒதுங்கலம்மா."

"அப்ப... இருக்கிற அந்த ஒண்ணை?"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அதைக் குடுத்தா அவங்க எந்திரிச்ச மெஷின்ல நீங்க படுக்கணும். அதை எந்த டாக்டரும் செய்ய மாட்டாங்க. இந்த ஒண்ணைப் பத்திரமா வச்சுக்குங்க. நடக்கறதை விட்டுடாதீங்க."

கொடுப்பதற்கு அவளிடம் இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றைக் கொடுக்கத்தான் அத்தனை சுற்றும் சுற்றியிருக்கிறாள். யாரைக் குறை சொல்வது? பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் இடிந்து போய் உட்கார்ந்திருந்தாள். மூன்று பஸ் வந்து போனது.

பத்தரைக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது கணவன் கூடத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தான்.

"எங்க போயிருந்தே?"

"நடக்கத்தான்..."

"பொய் சொல்லாத. ஏழு மணிக்கு அந்த தபால்காரர் பாப்பாவுக்குப் போன் பண்ணாரு. இன்னைக்கு வரலையே, உடம்பு சரியில்லையான்னு கேக்குறாரு. நாங்க என்ன பதில் சொல்றது? தெருத்தெருவாத் தேடிட்டு வர்றேன். எங்க போனே?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே," என்று மாமியார் தொடங்கினாள். "வீட்டுக் கஷ்டம் பிடிக்கலைன்னா இப்படித்தான் காலு வெளியில இழுக்கும். புதுசா ஷூ என்ன, இளைக்கிறது என்ன... கேக்க ஆளில்லைன்னு நெனச்சுட்டா."

அவள் கட்டிலைப் பார்த்தாள். பாப்பா எழுந்து உட்கார்ந்திருந்தாள், கண் இரண்டும் அண்ணி மேலேயே இருந்தன. இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? மூன்றாவது தடவையாக அந்தப் பெண் செத்துப் பிழைக்க வேண்டும். அது மட்டும் அவள் தலையில் விழவேண்டாம். பழி தன்னோடு போகட்டும்.

"ஊர் சுத்தத்தான் போனேன்," என்றாள் அண்ணி. "எனக்கும் வீடே கதின்னு கெடந்து அலுத்துப்போச்சு. போதுமா?"

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவனின் முகம் கறுத்தது. அவள் தோளில் தொங்கிய பையை அவன் வெடுக்கென்று இழுத்தான்.

"என்னங்க, வேணாங்க... அதை மட்டும் குடுத்துடுங்க. உங்க காலைப் பிடிச்சுக்கிறேன்..."

அவள் அவ்வளவு கெஞ்சியதே வினையாகிவிட்டது. பையைக் கட்டிலின் மேல் கவிழ்த்தான். துண்டு, தண்ணீர் பாட்டில், ஆஸ்பத்திரியின் நீளமான உறை. உறை பாப்பாவின் கையருகில் விழுந்தது.

பாப்பா அதைப் பிரித்தாள். மூன்று வருஷத்தில் அவள் பார்க்காத ஆஸ்பத்திரிக் காகிதமா? முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அச்சகத்துப் பழக்கத்தில் விரல் வைத்துப் படித்தாள். பிறகு தேதிகளைப் பார்த்தாள். முதல் எடை, கடைசி எடை. திரும்ப மேலே போய், 'தானம் பெறுபவர்' என்ற இடத்தில் தன் வயதும் 'கணவரின் தங்கை' என்ற எழுத்தும் இருப்பதைப் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு?" என்றான் அண்ணன்.

பாப்பா காகிதத்தை அண்ணன் பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"எனக்குத் தர்றதுக்கு அண்ணே..." என்றாள். "அஞ்சு மாசமா. எனக்குத் தர்றதுக்குத்தான் எடையைக் குறைச்சிருக்காங்க. இன்னைக்குப் பார்த்தா அவங்களுக்கே ஒண்ணுதான் இருக்காம்."

பாப்பா காகிதத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அண்ணி, நான் தினமும் உங்களை என்னென்ன சொன்னேன்... ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ ஆசைப்படுவேம்மா. ஆசைப்பட்டு இல்லைன்னு ஆனா..." அப்படியே கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்தாள். "என்னை மன்னிச்சுடு பாப்பா. எங்கிட்ட இருக்கும்னு நெனச்சுட்டேன்."

மன்னிப்புக் கேட்டவளைப் பாப்பா இழுத்து அணைத்துக்கொண்டாள். ஊசி குத்திக் குத்தி முண்டும் முடிச்சுமாக வீங்கிப்போன கை அண்ணியின் முதுகில் கிடந்தது. இரண்டு பேரும் அழுதார்கள். அழுது என்ன பயன்? திங்கட்கிழமை மெஷின் அங்கேதான் இருக்கும், பாப்பா அதில் படுக்கத்தான் வேண்டும்.

கணவன் சுவரைப் பார்த்து நின்றான். "என்னைக் கூப்பிட்டிருக்கலாமே... தனியாவா போனே?" என்று மட்டும் சொன்னான்.

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். மருமகளின் காலை இழுத்து, தினமும் கரித்துக்கொட்டிய அந்த ஷூவின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அத்தை, வேணாம் அத்தை... நீங்க போய் என் காலை..."

"சும்மா இரு," என்றாள் மாமியார். கண் மங்கி முடிச்சு தெரியவில்லை அவளுக்கு. வெகுநேரம் அதனோடு மல்லுக்கட்டினாள்.

மறுநாள் ஞாயிறு. அண்ணி ஷூவைத் துடைத்துப் பரண்மேல் போடப் போனாள். இனி யாருக்காக இறக்க வேண்டும்? திரும்பிப் பார்த்தால் வாசலில் பாப்பா நின்றாள். சால்வை போர்த்தியிருந்தாள். காலில் அண்ணனின் பழைய செருப்பு.

"நானும் வர்றேன் அண்ணி. மெதுவா நடன்னு டாக்டர் எங்கிட்டயும் மூணு வருஷமாச் சொல்லிட்டிருக்காங்க. நான்தான் எதுக்குன்னு இருந்துட்டேன்."

"உன்னால முடியாதும்மா..."

"முடிஞ்ச வரைக்கும். நீங்க ஷூவைப் போடுங்க. இருக்கிற அந்த ஒண்ணையாவது நான் காப்பாத்த வேணாமா?"

தெருமுனைக்குள் நாலு இடத்தில் நின்றார்கள். பூங்கா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழு கிளம்பிவிட்டது. தபால்காரர் மட்டும் நோட்டோடு காத்திருந்தார். அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். புதுப் பக்கம் புரட்டினார்.

"அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்மா?"

"அண்ணியை."

"அவங்கதான் கூடவே நடக்கப் போறாங்களே. வீட்டுல இருக்கிற வேற யாராவது..."

"வேற யாரும் வேணாங்க," என்றாள் பாப்பா. "அவங்களையே எழுதுங்க."

தபால்காரர் எழுதிக்கொண்டார். பாப்பா முதல் பெஞ்சு வரைக்கும் நடந்தாள். அதற்கு மேல் முடியவில்லை. அண்ணியும் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணூறு மில்லியிலிருந்து கொண்டுவந்த ஒரு வாய்த் தண்ணீரை மூடியில் அளந்து அவளிடம் கொடுத்தாள்.