கல் திரும்பாத காலை

“இனிமே ஒரு கல்லைக்கூடத் திருப்பி வைக்கக் கூடாது சார்,” என்றாள் இசக்கியம்மாள்.

வேலையில் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார்கள்: என்ன வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. முத்தலையாற்று நிலைகாப்பு மையத்தில் தினமும் விடிந்ததும் நடக்கும் வேலையே அதுதான். இரவு வெள்ளம் உருட்டிய பாறைகளைக் கல்லெடுப்பிகள், அந்த எட்டுக்கால் ரோபோக்கள், தேடிப்பிடித்துப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைக்கும். முப்பது வருடமாக ஆறு ஓரடி நகரவில்லை. அதை நம்பித்தான் அடிவாரத்தில் ஒரு நகரமே எழுந்தது. கரையோரத் தொழிலாளர்களுக்கும் பட்டா கிடைத்தது.

மைய இயக்குநர் ஞானதிரவியம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “ஏம்மா, காலையிலேயே ஆரம்பிச்சிட்டியா?”

“மலை ஆறு கல்லை உருட்டித்தான் சார் தன்னை நிறுத்திக்கிடும். கல்லை அடுக்கிப் படி கட்டும், உடைக்கும், திரும்பக் கட்டும். நாம உடையவே விடல. ஒவ்வொரு படிக்குப் பின்னாலயும் சரளை மலையா குமிஞ்சி கெடக்கு. பெருமழை வந்தா மொத்தமும் ஒரே நேரத்துல ஊர் மேல எறங்கும். இந்தச் சின்ன மழையிலயே விட்டா கொஞ்சங்கொஞ்சமா எறங்கிரும். ஒரு உசுரு போவாது.”

அவருக்கும் அது தெரியும். அவள் கொடுத்திருந்த வெள்ளக் கணிப்பைக் கணினியில் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தார்.

“விட்டா ஆறு வளைவுல தடம் மாறித் திரும்பும். அங்க ஒரு வீடு இருக்கு, பட்டா வீடு. அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்லுவா? படிச்ச புள்ள, நீ சுளுவா சொல்லிட்டே.”

இசக்கிக்குச் சுள்ளென்று ஏறியது. “அது எங்க வீடு சார்.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“எங்க வம்சத்துக்கே மொதல் சொந்த வீடு. எங்கம்மை நேத்து சாமி படத்தை எறக்கிட்டு, செவத்து ஆணியையும் பிடுங்கிட்டா. ‘ஆத்துக்கு எதுக்குட்டி ஆணி’ங்கா.”

“என்னால உத்தரவு போட முடியாதும்மா. வேலை போயிரும்.” கெஞ்சுவது போலிருந்தது அவர் குரல். அவளுக்கு வந்த கோபம் பாதியிலேயே இரக்கமாகிவிட்டது.

“ஒங்களப் போடச் சொல்லல. முறைக்குக் கேட்டேன். அவ்வளவுதான்.”

அவர் சன்னல் பக்கம் திரும்பினார். கொட்டகையில் கல்லெடுப்பிகள் கால் மடக்கி உட்கார்ந்திருந்தன. ஒன்றின் காலிலும் ஈரமில்லை.

“இந்நேரம் ஆத்துல எறங்கியிருக்கணுமே… இசக்கி, என்ன செஞ்சே?”

அவள் தோள்பையை மாட்டிக்கொண்டாள். கல்லெடுப்பிகளிலிருந்து கழற்றி எடுத்த மூளைச்சில்லுகள் உள்ளே கூழாங்கற்கள் போலக் கலகலத்தன.

தூறலில் இறங்கி வேகமாக நடந்தாள். ஆறு திரும்புவதற்குள் வீட்டுக் கதவைக் கழற்ற வேண்டும். அம்மையால் அதைத் தனியாகத் தூக்க முடியாது.