மூச்சு நீக்கிய பதிப்பு

லிஃப்ட் அன்றும் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறி என் தம்பியின் கதவைத் தட்டும்போது எனக்கே மூச்சு வாங்கியது. பழைய இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து நிறுவனங்கள் மறுபடி வெளியிடுகின்றன. சுத்தம் செய்வது அவன் வேலை. அவற்றைக் கேட்டு, ஒலி தேறுமா என்று பத்திரிகையில் விமர்சனம் எழுதுவது என் பிழைப்பு. ஒரே பாட்டை ஐந்து பேர் ஐந்து விதமாகக் கழுவி வைப்பார்கள், எது குறைவாகக் கெட்டிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். அலுத்துவிட்டது.

"வந்து கேளுக்கா" என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தான்.

கதவைத் திறந்தவனின் முகம் வெளுத்திருந்தது. வெளிச் சத்தம் வராமலிருக்க ஜன்னல்களில் கம்பளி அடித்து, பட்டப்பகலிலேயே அறையை இருட்டாக்கி வைத்திருந்தான். சூடேறிய வயர்களின் வாடை அடித்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வீசிங். ஒவ்வொரு மூச்சின் கடைசியிலும் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். ஒரே அறையில் படுத்த காலத்தில் அந்த விசிலைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். அன்று விசில் இல்லை, வெறும் திணறல்தான்.

"டாக்டரப் பாத்தியாடா?"

"பாத்தேன். நெஞ்சு சுத்தமா இருக்காம். நீ முதல்ல இதக் கேளு."

ஹெட்ஃபோனை மாட்டினேன். எப்போதோ இறந்துபோன ஒரு பாடகி. அவளுடைய இந்தத் தட்டு என் வீட்டிலும் உண்டு, நாங்கள் பிறக்கும் முன்பே வந்தது. காலையில்தான் கேட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கே கீறலும் இரைச்சலும் போய், குரல் துலக்கிய பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது.

ஆனால் அவள் மூச்சே எடுக்கவில்லை.

ஒரு வரி முடிந்து அடுத்த வரி. அதற்கடுத்தது. கேட்கக் கேட்க என் நெஞ்சு இறுகியது.

"மூச்சு எங்கடா?"

"இடைஞ்சலா இருக்கு, எடுத்துடுன்னு கம்பெனில சொன்னாங்க. ஒவ்வொண்ணா எடுத்தேன்." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "அதுலேர்ந்து அவ பாடுறப்பல்லாம் எனக்கு முட்டுதுக்கா. முதல்ல நிறுத்தினா சரியாச்சு. இப்ப நிறுத்தினாலும் அவ பாடிக்கிட்டேதான் இருக்கா."

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. ஆனால் மூச்சில்லாமல் யாராலும் பாட முடியாது, அது எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது.

"எடுத்ததெல்லாம் திருப்பி வை. இப்பவே. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

அவன் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தான். காதில் பாட்டு ஓடியது. முதல் வரிக்கு முன்னால் மூச்சு வந்தது. அடுத்த வரிக்கும் வந்தது. பக்கத்தில் அவனுடைய திணறல் மெல்ல அடங்கியது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். இருந்த அசதிக்கு அப்படியே தூங்கிவிடலாம் போலிருந்தது.

அடுத்த மூச்சின் கடைசியில் ஒரு விசில்.

மெல்லியது. எனக்குத் தெரிந்தது.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். அறையில் சத்தமே இல்லை.

"டேய்."

அவன் கை மவுஸின் மேல் அப்படியே இருந்தது. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

என் மடியில் கிடந்த ஹெட்ஃபோனில் அவள் நிதானமாக மூச்சை இழுத்து அடுத்த வரியைத் தொடங்கினாள்.

அவன் மூச்சுகளைத் திருப்பி வைத்த அந்தப் பதிப்பையே கம்பெனி வெளியிட்டுவிட்டது. மூச்சுகூட உயிரோடு கேட்கிறது என்று எல்லோரும் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். என்னையும் எழுதச் சொல்லித் தொந்தரவு செய்கிறார்கள். பழையதோடு ஒப்பிடாமல் எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. அதனால் நேற்று என் வீட்டுத் தட்டை எடுத்துப் போட்டேன். கீறல், இரைச்சல், எல்லாம் அதே இடத்தில் இருந்தன. பாடுவதற்கு முன் அவள் மூச்சை இழுத்தாள்.

கடைசியில் விசில்.

ஊசியைத் தூக்கக் கை போனது. தூக்கினால் அவன் மூச்சு நின்றுவிடுமே என்று அப்படியே விட்டுவிட்டேன்.